ஆர்டெல் எனக்காகப் பாடிய பாட்டு

ஆர்டெல் பிக்கன்ஸ் டயர் கடையில் வேலை செய்தவன். தெற்கு மெம்ஃபிஸில் எங்கள் தெருவில் அவனைவிடச் சாதுவான ஆளைக் காட்டு என்றால் நான் முழித்துக்கொண்டுதான் நிற்பேன். ஆறேகால் அடி உயரம், கழுத்துவரை பச்சை குத்தியிருப்பான், ஆனால் நாய் குரைத்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவான். ஞாயிற்றுக்கிழமை சபைக்குக் கிளம்பும்போது, அவன் அம்மா மிஸ் வெர்னீஸின் தொப்பிப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு காருக்கு வருவான். நாங்கள் கிண்டலடிப்போம், அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

சனிக்கிழமை மத்தியானம் ஆனால் பெரியம்மா மகன் வீட்டில் கோட்டுகள் தொங்கும் அலமாரிக்குள் பாட்டுப் பதிவு செய்ய மைக்கோடு புகுந்துகொள்வான். வியர்த்து வழிய வெளியே வரும்போது பாட்டுக்குள் மூன்று பேரையாவது சுட்டிருப்பான். எங்கள் ஊர் ராப் பாட்டு அப்படித்தான், அதில் எவனும் பயப்படமாட்டான். தெருவில் யாருக்கு நடந்ததையும் பாடுகிறவன் 'நான்' என்றே பாடுவான். அது யாருடைய கதை என்று வெளியே சொல்லக்கூடாது. இதெல்லாம் எங்கும் எழுதி வைத்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

என்னிடமும் ஒரு கதை இருந்தது. பதினேழு வயதில் கூட்டாளிகள் உசுப்பேற்றி, துப்பாக்கியோடு ஒரு மூலைக்கடைக்குள் போனேன். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்ததும் கை வெடவெடவென்று ஆடிவிட்டது. குண்டு கூரையில் பாய்ந்தது. நின்ற இடத்திலேயே கால்சட்டையை நனைத்துக்கொண்டு ஓடினேன். யாரும் பிடிக்கவில்லை. பதினைந்து வருடம் போனது. நான் பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஆனேன், சபையில் வெள்ளைக் கையுறை மாட்டி ஆட்களை உட்காரவைக்கிற பொறுப்பும் வந்தது. ஒருநாள் டயர் மாற்றக் காத்திருந்தபோது ஏனோ வாய் திறந்து எல்லாவற்றையும் ஆர்டெலிடம் கொட்டிவிட்டேன். அவன் ஒருவனிடம்தான் சொன்னேன்.

அடுத்த வாரம் அது பாட்டாகிவிட்டது. மூலைக்கடை இருந்தது, கூரையில் ஓட்டை இருந்தது, 'என் கை நடுங்கவே இல்லை' என்றும் இருந்தது.

"நடுங்குச்சுன்னுதானேடா உன்கிட்ட சொன்னேன்" என்றேன்.

"தெரியும். பாட்டுலயாவது நீ தைரியமா நின்னுட்டுப் போயேன், என்ன இப்ப?" என்றான்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன், அந்தப் பாட்டைப் பேருந்தில் தனியாக இருக்கும்போது நாலைந்து தடவை கேட்டேன்.

அந்த அக்டோபரில் நாலு தெரு தள்ளி ஒரு பெட்ரோல் நிலையத்தில் கொள்ளை நடந்தது. வந்தவன் கூரையில் சுட்டுவிட்டு, கல்லாவில் இருந்த பெரியவரின் மண்டையை உடைத்துவிட்டுப் போயிருந்தான். உயரமான கறுப்பு ஆள், தலைமூடி வைத்த சிவப்பு ஹூடி என்றது போலீஸ். எங்கள் பக்கம் அப்படி நாற்பது பேர் இருப்பார்கள். வேலை முடிந்து காரில் வந்த ஆர்டெலை நிறுத்தினார்கள். அந்த வருடம் மட்டும் அது பன்னிரண்டாவது தடவை. வழக்கம்போல இரண்டு கையையும் ஸ்டீயரிங்மேல் வைத்து, 'சார், சார்' என்றுதான் பேசியிருக்கிறான். இந்தத் தடவை விடவில்லை. அடிபட்ட பெரியவர், 'இவனா இருக்கலாம்' என்றார். அவன் போனில் அந்தப் பாட்டு இருந்தது. அதற்குமேல் அவர்களிடம் ஒன்றும் இல்லை.

டிவியில் அவன் முகத்தைவிடக் கழுத்துப் பச்சையைத்தான் அதிகம் காட்டினார்கள். சபையிலேயே ஒரு பெரிய மனுஷர், இந்தக் கண்றாவிப் பாட்டெல்லாம் பாடுகிறவன் வேறு எங்கே போய் முடிவான் என்றார். நான் தலையாட்டினேன். நினைத்தால் இப்போதும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கோர்ட்டில் அரசு வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தாளமில்லாமல், மளிகைச் சீட்டு படிப்பதுபோல அந்தப் பாட்டை வரி வரியாகப் படித்தார். இது பாட்டில்லை, வாக்குமூலம் என்றார். ஜூரியில் பன்னிரண்டு பேர், அதில் மூன்று பேர் எங்களைப்போல் கறுப்பு ஆட்கள். அந்த மூன்று பேரும் குனிந்து தங்கள் மடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆர்டெலின் வக்கீல் சின்னப் பெண். இடைவேளையில் என்னைத் தேடி வந்தாள். அது ஒரு சிநேகிதன் கதை என்கிறானாம், பெயரை மட்டும் சொல்ல மறுக்கிறானாம்.

"அவனே வந்து சொன்னா சொல்லட்டும், நான் காட்டிக்குடுக்க மாட்டேன்னு சொல்றான். உங்களுக்கு யாருன்னு தெரியுமா? பழைய விஷயம், அந்த ஆள்மேல இனிமே கேஸ் போட முடியாது. வந்து நடந்ததச் சொன்னாப் போதும்."

"தெரியாதுங்க" என்றேன்.

ஜெயிலுக்குப் பயந்தேன் என்றாலாவது ஒரு மரியாதை இருக்கும். பேருந்து வேலை போய்விடும் என்ற பயம் கொஞ்சம் இருந்தது. ஆனால் உண்மையான காரணம் அதுவும் இல்லை. கூண்டில் ஏறினால் குடைந்து குடைந்து கேட்பார்கள். முன்வரிசையில் என் மனைவி இருந்தாள், பின்னால் பாதி சபை இருந்தது. அத்தனை பேர் முன்னால் கால்சட்டை நனைந்ததைச் சொல்லவேண்டும். அதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன். முப்பத்திரண்டு வயது ஆம்பளை.

தீர்ப்புக்கு முன் ஆர்டெல் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபமே இல்லை. முறைத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒன்பது வருடம் கொடுத்தார்கள்.

மாதம் ஒருமுறை மிஸ் வெர்னீஸைச் சிறைக்கு நான்தான் காரில் கூட்டிப்போகிறேன். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். வழியில் பொரித்த கோழியைப் பொட்டலம் பிரித்து என் மடியில் வைப்பார், நான் தின்பேன்.

போன ஈஸ்டரன்று சபையில் தேவன் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்லும் நேரத்தில் அந்த அம்மா எழுந்து நின்றார். "என் பிள்ளைய ஊரே கைவிட்டுச்சு. லின்வுட்டு ஒருத்தன்தான் விடல. கூடப் பொறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான்" என்று என்னைக் கைகாட்டினார்.

மொத்த சபையும் எழுந்து கைதட்டியது. பாஸ்டர் என்னை முன்னால் கூப்பிட்டு, மைக்கை என் கையில் கொடுத்தார். மிஸ் வெர்னீஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அது என் கடமைம்மா" என்றேன்.