மூன்றாவது கரிக்கோடு

போன மாதம் பிரிஞ்சாங் சந்தைக்குப் போயிருந்தேன். ஒரு கடையில் முட்டைக்கோஸின் மேலிலைகளை உரித்து உரித்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் வந்து, "கோழிக்கு எடுத்துக்கவா?" என்று கேட்டாள். கடைக்காரர் தலையாட்டியதும் பை நிறைய அள்ளிக்கொண்டு போனாள். அந்த ஈர இலையின் பச்சை வாசனை மூக்கில் ஏறியது. அவள் பின்னாலேயே ஓடி, "மருந்து எப்ப அடிச்சாங்கன்னு கேட்டீங்களா?" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். என் கணவருக்கு இது பழகிப்போன கூத்து. "வா லா, போலாம். ஊருல இருக்கற கோழிக்கெல்லாம் நீதான் காவலா?" என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார்.

சிரிக்காதீர்கள். முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் சிரிப்பு வந்தால் சிரியுங்கள்.

நாங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடு ஒன்றில் இருந்தோம். அம்மா கொழுந்து எடுத்தாள். அப்பாவுக்குக் கோலா தெர்லாவில் காய்கறி லோரிக்கு மூட்டை ஏற்றும் வேலை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கூண்டில் அம்மா ஒன்பது கோழி வளர்த்தாள். மேட்டு பங்களா அம்மாவைப் போல அலுங்காமல் நடந்த வெள்ளைக் கோழிக்குத் துரையம்மா என்று பேர். அதன் முட்டை என் தங்கை ஸ்டெல்லாவுக்குத்தான். அவளுக்கு அப்போது நான்கு வயது. எனக்குப் பதினொன்று.

கோழித் தீவனம் வாங்கிக் கட்டுபடியாகாது. அப்பா தோட்டங்களில் உரித்துப் போடும் கோஸ் இலையை (நாங்கள் கோபிஸ் என்போம்) சாக்கில் கட்டிக்கொண்டு வருவார். ஆனால் அதை அப்படியே கோழிக்குப் போட முடியாது. பூச்சிக்கு அடித்த மருந்து இலையில் இருக்கும். சாக்கைப் பின்பக்கக் கூரை இறவாணத்தில் தொங்கவிட வேண்டும். ஒரு ராத்திரி கழிந்தால் சாக்கில் அடுப்புக்கரியால் ஒரு கோடு. மூன்று கோடு ஆன பிறகுதான் இறக்கி, குழாயில் இரண்டு தரம் அலசி, கோழிக்குப் போடலாம். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. லோரிக்கு மூட்டை ஏற்றியவர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட கணக்கு. சரியோ தப்போ, அதுவரைக்கும் எங்கள் வீட்டில் ஒரு கோழி செத்ததில்லை.

காலையில் கோடு போடுவது என் உத்தியோகம். ஆள் கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடுகிற தோரணையில் கரியைக் காதில் செருகிக்கொண்டு போவேன். மூன்று கோடு ஆகாத நாட்களில் ஓடைப் பக்கம் போய் வள்ளிக்கிழங்கு இலை பறித்து வருவதும் என் வேலைதான். அட்டை கடிக்கும். அதில் மட்டும் தோரணை கிடையாது.

பள்ளி விடுமுறையில் ஒரு நாள். அப்பா லோரியோடு போய்விட்டார், அம்மா மத்தியானச் சோற்றுக்கு வந்துவிட்டு மறுபடி கொழுந்தெடுக்க மலைக்குப் போய்விட்டாள். சாக்கில் இரண்டு கோடுதான் இருந்தது. வெளியே தூறல். பக்கத்து வீட்டுச் சரசக்கா வீடியோ டேப்பில் புதுப்படம் போடப்போவதாகச் சொல்லியிருந்தார். ஓடைக்குப் போய் வந்தால் பாதிப் படம் போய்விடும். கூண்டில் கோழிகளோ பசியில் கத்தி ஊரைக் கூட்டின. நான் கரியை எடுத்தேன். மூன்றாவது கோட்டை இழுத்தேன். மற்ற இரண்டையும்விட நேராகவே வந்தது, அது இன்னும் நினைவிருக்கிறது.

அலசினேனா? ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன், அவ்வளவுதான். ஸ்டெல்லா காலைக் கட்டிக்கொண்டு, "எனக்கு தண்டு, எனக்கு தண்டு" என்று சிணுங்கினாள். கோஸ் தண்டு இனிக்கும், நாங்கள் எல்லாருமே தின்போம். இலையோடு ஒரு தண்டை ஒடித்து அவள் கையில் நானே கொடுத்தேன். வாயை மூடினாளே என்று இருந்தது. அவளை இழுத்துக்கொண்டு படத்துக்கு ஓடினேன்.

பாதிப் படத்தில் ஸ்டெல்லாவுக்கு மூத்திரம் வந்தது. வீட்டுக்குக் கூட்டி வந்தேன். பின்பக்கம் ஒரே அமைதி. துரையம்மா கழுத்தை மண்ணில் போட்டு, றெக்கையை விரித்துக் கிடந்தாள். அலகிலிருந்து நூல் நூலாக எச்சில். இன்னொன்று நிற்கப் பார்த்து, காலை உதைத்துக்கொண்டு விழுந்தது. என் கண் முன்னால் கொஞ்ச நேரத்தில் ஒன்பதும் போய்விட்டன.

அப்போது எனக்கு முதலில் வந்த நினைப்பு என்ன தெரியுமா? அப்பாவின் பெல்ட். தங்கை தின்றது ஞாபகத்துக்கே வரவில்லை. கோழிகளைக் காலைப் பிடித்து இழுத்துக் கூண்டுக்கு அடியில் தள்ளி, சாக்கால் மூடினேன். கையைக் கழுவித் திரும்பினால், வாசற்படியில் ஸ்டெல்லா உட்கார்ந்திருந்தாள். அவள் கையில் தின்று மிச்சம் வைத்த தண்டின் நுனி.

அதைப் பிடுங்கி எறிந்தேன். அவளை உற்றுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தாள், பாட்டுக்கூடப் பாடினாள். சரசக்கா பத்தடியில் இருந்தார். ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். சொன்னால் கோட்டையும் சொல்ல வேண்டும், அதனால் சொல்லவில்லை. "மாதாவே, கோழி போனா போகட்டும், இவள மட்டும் விட்டுடு, இனி வீடியோவே பாக்க மாட்டேன்" என்று சுவரில் இருந்த மாதா படத்திடம் பேரம் பேசினேன். ஸ்டெல்லா கண்ணை மூடும்போதெல்லாம் உலுக்கி எழுப்பினேன். அந்தக் குளிரில் அவளுக்கு நெற்றி வேர்த்தது. துடைத்தேன். வாயோரம் எச்சில் வடிந்தது. அதையும் பாவாடையால் துடைத்தேன். "அக்கா, வயிறு வலிக்குது" என்றாள். "தண்ணி குடி, சரியாயிடும்" என்றேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன்? ஒன்றரை மணி நேரம் இருக்கும். அவள் வாந்தி எடுத்தபோது அம்மா கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கும் சத்தம் கேட்டது.

"ஸ்டெல்லா கோழியோட கோபிஸ தின்னுட்டாம்மா."

"எப்ப?"

"இப்பத்தான். இப்பத்தாம்மா."

அம்மா பின்பக்கம் ஓடினாள். சாக்கை விலக்கி ஒரு கோழியின் காலைப் பிடித்துத் தூக்கினாள். அது விறகுக் கட்டையாக விறைத்திருந்தது. இப்போதுதான் தின்றது இப்படி விறைக்குமா? அம்மா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, தேயிலை நடுவில் குறுக்குப் பாதையில் இறங்கி ஓடினாள். நான் பின்னால் ஓடினேன்.

தோட்டத்து மருந்தகத்தில் இருந்தவரை டிரெசர் என்போம். அவர் ஸ்டெல்லாவின் இமையை விரித்துப் பார்த்தார். கண்ணின் கறுப்பு கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது.

"எத்தன மணிக்கு சாப்பிட்டா? சரியா சொல்லணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசினாள். "மத்தியானம்ங்க. நாந்தான், சோத்துக்கு வந்தப்ப தெரியாம குடுத்துட்டு திரும்ப வேலைக்கு போயிட்டேன்."

"நீயெல்லாம் ஒரு தாயா? மருந்தடிச்ச எலய பச்சப் பிள்ளைக்கு குடுப்பியா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். டிரெசர் ஊசி போட்டார். தோட்டத்து வேனில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வேன் கதவு மூடும்வரை அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அந்த இடத்திலேயே நின்றேன். சரசக்கா வந்துதான் என்னைக் கூட்டிப் போனார்.

மூன்றாம் நாள் ஸ்டெல்லா பிஸ்கட் தின்றுகொண்டே திரும்பி வந்தாள். அப்பா கோழிகளைப் புதைத்துவிட்டு, கூண்டைப் பிரித்துப் போட்டார். லயமே கேட்க அம்மாவைத் திட்டினார். அம்மா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அடிக்கவும் இல்லை. அடித்திருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும்.

ஆபத்து விலகியதும் அது வீட்டில் வேடிக்கைக் கதையாகிவிட்டது. கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் கூடினால் அப்பா தொடங்கிவிடுவார்: "பெத்த பிள்ளைக்கே வெசம் குடுத்த மகராசி." வளர்ந்து பெரியவளான ஸ்டெல்லா, அம்மா தட்டில் சோறு வைக்கும்போது, "இதுல ஒண்ணும் இல்லல்ல?" என்பாள். பேரப்பிள்ளைகள் வரைக்கும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரித்துக்கொண்டே அடுத்தவருக்குப் பரிமாறப் போய்விடுவாள். இந்த ஆண்டின் தொடக்கத்தில் அம்மா போய்விட்டாள்.

அந்த லயத்தை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கும் கல் வீடுகள் நிற்கின்றன. பின்பக்கம் முழுக்க சிமெண்ட், கோழி வளர்ப்பவர்கள் யாரும் இல்லை. சந்தையிலிருந்து திரும்பிய மறுநாள் ஸ்டெல்லாவுக்குப் போன் செய்து, கரிக்கோட்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"அப்ப அம்மாவ நாம சும்மாவாக்கா இத்தன வருஷமா கேலி பண்ணோம்?" என்றாள்.

நாம் என்றுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பில் நானும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சேர்ந்துகொண்டவள்தானே.