பூங்கொடியின் முகம் யாருக்குச் சொந்தம்?

பூங்கொடியின் முகம் பூங்கொடிக்குச் சொந்தமில்லையாம். டிவிக்காரன் சொல்கிறான். கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும், எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

ஓசூர் சிப்காட்டில் ஒரே கம்பெனியில், ஒரே லைனில் நிற்கிறோம் நாங்கள் இருவரும். நான் ராயக்கோட்டைக்காரி. அவள் கரூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள். வந்த இடத்தில் உத்தனப்பள்ளி ஹரீஷ்குமாரை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். அவ்வளவுதான், அவள் அப்பா நல்லுசாமி மகளைத் தலைமுழுகிவிட்டார். போன் செய்தால் எடுக்க மாட்டார். குழந்தை பிறந்ததற்குக்கூட எட்டிப் பார்க்கவில்லை. தம்பி ஜெகதீஷ் மட்டும் அவருக்குத் தெரியாமல் பேசுவான்.

போன வருஷம் ஒரு டிவி சமையல் போட்டியில் கலந்துகொண்டாள். அரிசிம்பருப்பு சாதம் செய்தாள். யாருக்குப் பிடித்த சாப்பாடு என்று நடுவர் கேட்டதுதான் தாமதம், கேமராவைப் பார்த்து, "அப்பா, ஒருக்கா எங்கூட்டுக்கு வந்து சாப்புட்டுப் போங்கப்பா" என்று அழுதுவிட்டாள்.

ஷிப்ட் வேலைக்காரர்கள் டிவி பார்ப்பதே பதிவு செய்துதான். செட்டாப் பாக்ஸில் பென் டிரைவைச் செருகிவிட்டு வேலைக்குப் போவோம், லீவு நாளில் பார்ப்போம். ஹரீஷ்குமாரும் அப்படித்தான் அதைப் பதிவு செய்தான். ஜெகதீஷ் வரும்போது கொடுத்தனுப்பி அப்பாவுக்குக் காட்ட வேண்டும் என்று பூங்கொடிக்கு ஆசை. அதற்குள் எக்சேஞ்சில் புது பாக்ஸ் தருகிறார்கள் என்று பழையதைக் கொடுத்துவிட்டார்கள். பதிவுதான் பென் டிரைவில் பத்திரமாக இருக்கிறதே!

புது பாக்ஸில் அது திறக்கவே இல்லை. கஸ்டமர் கேரில் ஒரு பெண் தேனொழுகச் சொன்னாள், "ரெக்கார்ட் பண்ண பாக்ஸ்ல மட்டும்தான் ஓடும் மேடம். காப்பிரைட்." மாசாமாசம் காசு கட்டி, நம் வீட்டில், நம் பென் டிரைவில் பிடித்தது நமக்கு ஓடாதாம். என்ன நியாயமோ!

சரி, அந்தச் சேனலின் ஆப்பில் இருக்கிறதே என்று போனில் ஓடவிட்டு ஸ்கிரீன் ரெக்கார்ட் செய்தாள். குரல் வந்தது, படம் முழுக்கக் கறுப்பு. அப்படிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். சேனல் ஆபீசுக்கே போன் போட்டாள்.

"நிகழ்ச்சி எங்களோடது மேடம். நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கீங்க."

"என்ற மூஞ்சிய எனக்கே குடுக்க மாட்டீங்களா?"

வைத்துவிட்டார்கள்.

"உன் போன்ல ஓட்டு, என் போன்ல படம் புடிக்கறேன். எந்தப் பூட்டு தடுக்கும்னு பாக்கலாம்" என்றேன் நான். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஆப்பைத் திறந்தால், நிகழ்ச்சியையே தூக்கிவிட்டிருந்தார்கள். பாழாய்ப்போனவர்கள்.

"விடு பூங்கொடி. அதையே மறுபடி போனைப் பாத்துப் பேசி அனுப்பு."

"அது அன்னைக்குத் தானா வந்துச்சுங்க்கா. இப்பப் பேசுனா நடிச்சாப்ல இருக்கும்."

கடைசியில் வேறு வழியில்லாமல், அந்தக் கறுப்பு வீடியோவையே ஜெகதீஷுக்கு அனுப்பினாள். மறுநாள் நாங்கள் கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவன் கூப்பிட்டான். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அப்பா முழுசும் கேட்டாருக்கா. போனத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு."

"என்னடா சொன்னாரு?"

"'இன்னமும் எனக்கு மொகத்தக் காட்ட மாட்டாளா அவ?'ன்னு கேட்டாரு. டிவிக்காரங்க பூட்டிட்டாங்கன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். நம்ப மாட்டேங்கறாரு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் சேனல்காரனில் தொடங்கி பாக்ஸ்காரன் வரை ஒருத்தனையும் விடாமல் திட்டினேன். பூங்கொடி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, நேராக சூப்பர்வைசர் குருமூர்த்தியிடம் போய் நின்றாள். ஆள் பற்றாத நேரம், அவர் முகத்தைச் சுளித்தார்.

"இப்ப எதுக்கும்மா லீவு?"

"எங்கப்பாவுக்கு மூஞ்சியக் காட்டோணுங்க சார்."