ஞாயிற்றுக்கிழமை விழுந்த பேர்

என் கடையில் இருபத்திரண்டு வருஷம் தராசு பிடித்த முருகையாவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இராசையா. மாற்றியவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான்; ஆனாலும் பதுளைக் கடைவீதியில் பெயரை மாற்றி ஓர் உயிரைக் காத்தவன் என்னைத் தவிர யார்?

தொள்ளாயிரத்தொன்றாம் வருஷம். அப்போது நான் தேயிலைத் தோட்டம் தோட்டமாகத் தலைச்சுமையில் பாத்திரம் விற்றேன். அலவி துணி விற்றான். இராசையா நமுனுகுலவில் தோட்ட வேலை. மூவருக்கும் பிறந்த ஊர் கடலுக்கு அப்பால் என்பதால் ஒட்டிக்கொண்டோம்.

இராசையாவின் தம்பிக்குக் கல்யாணம். அலவி கையால் அறுத்த ஆடு, விடியும்வரை தப்புமேளம், பாட்டு. மறுநாள் ஞாயிறு, ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டு கிடையாது. பத்து மணிக்கும் பனி விலகவில்லை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், இராசையாவின் காம்பராவில் மூவரும் பாயைவிட்டு எழவில்லை.

"மூணு மலைப்பாம்பும் எந்திரிக்காது போல. ஆட்ட முழுசாவா முழுங்குனீங்க?" என்றாள் இராசையாவின் பெண்சாதி ரெங்கம்மா.

"சாயத்தண்ணி ஊத்து தங்கச்சி, பாம்பு நெளியும்," என்றான் அலவி.

அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு கனத்த குரல்: "இராசையா!"

கண்ணைத் திறக்காமலே அவன் சொன்னான்: "இருக்கேங்க."

அலவி சிரித்தான். "ஞாயித்துக்கிழமையுமா ஒனக்குப் பேர் போடுறாங்க?"

தோட்டத்தில் ஒருநாள் வேலையைப் பதிவதற்குப் பேர் என்று பெயர். இராசையா சிரிக்கவில்லை. எழுந்து உட்கார்ந்தான்.

"அது வீரமலைக் கங்காணி கொரலு."

அவனுடைய கூட்டத்தை மேய்த்த அந்தக் கங்காணி மண்சரிவில் செத்து மூன்று வருஷம்.

ரெங்கம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "மூணாந்தரம் கூப்பிட்டாத்தானே வாயத் தொறக்கணும்? பேய்க்கு மூணாந்தரம் கூப்பிட வாய் கெடையாதே."

"பெரட்டுல மூணு தரமா கூப்பிடுறாங்க? மொதக் கூப்பாட்டுக்குச் சொல்லலேன்னா அரைப்பேருதான், அரைநாள் கூலிதான்," என்றான் இராசையா.

நான் வெளியே போனேன். ஈர மண்ணில் ஒரு காலடித் தடமும் இல்லை. பெரட்டுக் களத்துப் பக்கமிருந்து குரல் மட்டும் நிதானமாக வந்தது. வெள்ளையன். பொன்னி. சடைச்சி. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால், பதில் சொல்லும் நேரத்துக்கு ஓர் இடைவெளி.

உள்ளே வந்து சொன்னேன். இராசையாவின் முகம் சாம்பலானது.

"எல்லாம் மண்ணுக்குள்ள போனவுக. அன்னைக்கு நான் காச்சல்ல கெடந்தேன். அந்தக் கூட்டத்துல நான் ஒருத்தந்தான் மிச்சம்ண்ணே."

"பேர் இருந்தாத்தானே கூப்பிடுவாரு," என்றேன். "இனி நீ முருகையா."

அடுத்த மாதமே துரையிடம் நானே நிமிர்ந்து நின்று பேசி, அவனையும் ரெங்கம்மாவையும் பதுளைக்கு அழைத்துவந்தேன். கடையும் அந்த வருஷம்தான் போட்டேன். பெயர் மாறியதில் ரெங்கம்மாவுக்குச் சிரமமில்லை. புருஷன் பெயரை அவள் என்றைக்குச் சொன்னாள்? அவனோ மூன்று தரம் கூப்பிடாமல் யாருக்கும் திரும்பமாட்டான். லுணுகலையிலிருந்து சாமான் வாங்க வருகிறவர்கள்கூடச் செவிட்டு முருகையா என்றே சொல்வார்கள். ஆனால் அவன் நிறுத்துக் கொடுத்த சீனியை ஒருவரும் மறுபடி நிறுத்துப் பார்த்ததில்லை.

போன ஆனி மாதம், உச்சிப் பொழுது. கடையில் நாங்கள் இருவர் மட்டும். சீனி நிறுத்துக்கொண்டிருந்தவன் தலையை நிமிர்த்தி, "இருக்கேங்க," என்றான்.

எனக்கு எந்தக் குரலும் கேட்கவில்லை. "யாருடா கூப்பிட்டா?"

"அரைப்பேர் போயிரும்ண்ணே."

தராசை மெதுவாக இறக்கிவைத்து, அரிசி மூட்டைமேல் சாய்ந்தான். அவ்வளவுதான். கண்ணை மூடப்போன என் கை ஈரமானது. அவன் தலைமயிரெல்லாம் பனித்துளி. வெளியே தெரு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

ரெங்கம்மா வந்தாள். வாழ்நாளில் முதன்முறையாக அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், இராசையா என்று. மூன்று தரம் கூப்பிட்டாள்.