மூலையில் குறித்த சனிக்கிழமை

போன வருடத்துக்கு முந்தைய வருடம், ஏப்ரல் மாதம். ஆக்லாந்தின் கிளென்ஃபீல்டில் மகளை நீச்சல் வகுப்பில் விட்டுவிட்டு, மால் ஃபுட் கோர்ட்டில் உட்கார்ந்து ஆட்களை வரைவது என் சனிக்கிழமை வழக்கம். குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடுவதுதான் என் தொழில். மனிதர்கள் உட்காருவதையும் குனிவதையும் நேரில் பார்த்து வரையாவிட்டால் கை மரத்துப்போகும். வரைந்த ஒவ்வொரு தாளின் கீழ் மூலையிலும் இடம், கிழமை, நேரம் மூன்றையும் குறித்துவிடுவேன். வெளிச்சம் எப்படி விழுந்தது என்று பிறகு நினைவுக்கு வர அது உதவும்.

அப்படி ஒரு பெண்ணை மூன்று வாரம் வரைந்தேன். எப்போதும் ஜன்னலோரம், எனக்கு முதுகைக் காட்டி, ஒரு காலை நாற்காலியின் மேல் மடித்துப் போட்டுக்கொண்டு தனியாகக் காபி குடிப்பார். மூன்றாவது படம் அவ்வளவு அழகாக அமைந்துவிட்டது. முகம்தான் தெரியவில்லையே, யாரைக் கேட்க வேண்டும் என்று இன்ஸ்டாகிராமில் போட்டுவிட்டேன். சதுரமாக வெட்டியதில் கீழ்ப்பகுதி கொஞ்சம் போய்விட்டது.

இரண்டே நாளில் இரண்டு செய்திகள். முதலாவது, மிக மரியாதையான ஓர் ஆள். "நல்ல படம் அக்கா. ஒரிஜினல் எனக்கு வேணும். கீழ் மூலையிலை ஏதோ எழுதியிருக்கு, பாதி வெட்டுப்பட்டிட்டுது. முழுப் படத்தையும் அனுப்புவீங்களோ?" எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரிஜினல் கேட்டு என்னிடம் யார் வருகிறார்கள்!

இரண்டாவது, முகப்புப் படம்கூட இல்லாத கணக்கு. வணக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. "அந்தப் படத்தை எடுங்கோ. இண்டைக்கே."

எனக்குச் சுருக்கென்றது. யாருக்கோ வயிற்றெரிச்சல் என்றுதான் முதலில் நினைத்தேன். இருவர் தமிழும் ஒரே சாயலில் இருக்கவே, ஒரே ஆள்தான் இரண்டு பெயரில் விளையாடுகிறாரோ என்றும் தோன்றியது. கணவரிடம் காட்டினேன்.

"எதுக்கு வம்பு? அதிகாரம் பண்றவங்கள பிளாக் பண்ணு, வாங்குறவருக்கு அனுப்பு," என்றார்.

சரியென்று முழுத் தாளையும் போட்டோ எடுத்தேன். அனுப்புவதற்கு முன், ஃபிரேமுக்கு அளவு ஏதாவது வேண்டுமா என்று அந்த ஆளைக் கேட்டேன். படம் வாங்குகிறவர்கள் முதலில் விசாரிப்பதே அளவைத்தான். இவரோ, "அளவு பிரச்சினை இல்லை. இவ எந்த நாளிலை அங்கை வாறவ?" என்றார்.

என் விரல் அப்படியே நின்றுவிட்டது. படத்தை வாங்குகிறவருக்குக் கிழமை எதற்கு?

அந்த முகமில்லாத கணக்கைத் தேடிப்போய், நீங்கள் யார் என்று கேட்டேன். "படத்திலை இருக்கிறது நான்தான்" என்று பதில் வந்தது. அதையும் நம்பவில்லை. அந்த ஆளே இப்படியும் எழுதலாமே! படத்தில் வெட்டுப்பட்டுப் போன இடத்தில், காலடியில் என்ன இருந்தது என்று கேட்டேன். அது என் தாளில் மட்டும்தான் இருந்தது.

"ஒரு பை ஃபீஜோவா. பக்கத்து வீட்டு மனுசி தந்தவ."

அந்தப் பச்சைப் பழங்களை ஒவ்வொன்றாக நான் வரைந்திருந்தேன். பின்னாலேயே இன்னொரு செய்தி வந்தது. "முகம் தேவையில்லை அக்கா. நான் கால் மடிச்சு இருக்கிற மாதிரியைப் பாத்தாலே, நான் விட்டிட்டு வந்த மனுசனுக்கு விளங்கும். நான் எங்கை இருக்கிறன் எண்டு அவருக்குத் தெரியக் கூடாது."

உடனே படத்தை நீக்கினேன். மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அந்த ஆள் இன்னும் மூன்று முறை எழுதினார். முதலில் 'அக்கா' போனது, கடைசியில் மரியாதையே போனது. பிளாக் செய்தேன்.

அடுத்த சனிக்கிழமை அந்த ஜன்னலோர நாற்காலி காலியாக இருந்தது. அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். அந்தப் பெண் திரும்ப வரவே இல்லை.

இப்போதும் வரைகிறேன். மூலையில் எதுவும் குறிப்பதில்லை. வெளியே போடுவதானால் அவரவரிடம் காட்டிக் கேட்கிறேன், பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். நல்லவேளை நீ அனுப்பவில்லை என்று கணவர் சமாதானம் சொல்வார். ஆனால் வாரத்தில் ஒருநாள் ஒரு பெண் பயமில்லாமல் கால் மடித்து உட்கார்ந்திருந்த இடத்தை அவரிடமிருந்து பறித்தவள் நான்தான் என்பது, அந்த நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் உறுத்துகிறது.