சுவரை முகர்ந்து வீடு வாங்கியவர்

சுவரில் மூக்கை ஒட்டி வைத்து, கண்ணை மூடி, நீளமாக ஒரு மூச்சு இழுக்கிறார். இரண்டடி தள்ளி இன்னொரு மூச்சு. வீட்டை விற்கிறவர்கள் இவர் ஏதோ பிரார்த்தனை செய்கிறார் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி நிற்பார்கள். மூன்றாவது மூச்சுக்குப் பிறகு நடுவிரலை மடக்கி, டாக்டர் முதுகில் தட்டுகிற மாதிரி இரண்டு தட்டு. அப்புறம்தான் தீர்ப்பு வரும்: "பட்டிப் பூச்சு புதுசு. உள்ள ஈரம். அடுத்த வீடு பாக்கலாம்."

ஆள் பெயிண்டர். தெருவில் 'மூக்குக்காரர்' என்று கேட்டால்தான் அடையாளம் காட்டுவார்கள். எங்கள் எதிர்வீட்டில் பதினான்கு மாதம் குடியிருந்தவர் என்பதால் அவரைப் பற்றி நான் சொல்வதில் முக்கால்வாசி உண்மை. அவர் வெள்ளையடித்த அறையில் ஒரு பல்லி, சுவர் எங்கே முடிகிறது, கூரை எங்கே தொடங்குகிறது என்று புரியாமல் மூன்று நாள் நின்ற இடத்திலேயே நின்றதாகச் சொல்வார்கள். அது மிகை. இரண்டு நாள்தான்.

யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரை நலம் விசாரித்துவிட்டுத்தான் மனிதர்களிடம் வருவார். நிறங்களுக்கெல்லாம் அவரிடம் குணம் உண்டு. "இது கோவக்கார மஞ்சள்மா. ஹால்ல அடிச்சா தினம் சண்டை." வீடு பார்க்கப் போவதற்கென்று ஒரே ஒரு வெள்ளைச் சட்டை வைத்திருக்கிறார். இருபத்திரண்டு வருஷ பெயிண்டரின் அலமாரியில் துளி நிறம் படாத துணி அது ஒன்றுதான். "இதுல ஒரு சொட்டு விழுந்துச்சுன்னா நான் பெயிண்டர்னு தெரிஞ்சுடும். அப்புறம் எவனும் சுவத்தைத் தொட விட மாட்டான்."

அந்த இருபத்திரண்டு வருஷத்தில் பதினேழு வாடகை வீடு மாறியிருக்கிறார். எல்லாம் அவர் கை செய்த வேலை. குடிபோன மாதமே சும்மா இருக்க முடியாமல் சுவருக்கு வர்ணம் பூசிவிடுவார். வாடகை வாங்க வரும் வீட்டுக்காரர் ஹாலில் வாயைப் பிளந்து நிற்பார். ஒப்பந்த வருஷம் முடிந்த அடுத்த வாரமே சொல்லிவிடுவார்: "பொண்ணும் மாப்பிள்ளையும் இங்க வந்து இருக்கணும்கிறாங்க, காலி பண்ணிக் குடுத்துடுங்க."

பதினேழாவது வீட்டுக்காரரும் அதே வாக்கியத்தைச் சொன்ன அன்று மூக்குக்காரரின் மனைவி பொங்கிவிட்டார். பள்ளிச் சீருடை தைக்கிறவர். மோட்டார் மெஷினை ஒவ்வொரு வீட்டிலும் இறக்கி ஏற்றியே இடுப்பு போனவர். "மாசக் கடைசிக்குள்ள சொந்தமா ஒண்ணு பாக்குறீங்க. இனிமே நீங்க அடிக்கிற பெயிண்ட் நம்ம சுவத்துலதான் காயணும். இல்லேன்னா நான் மெஷினோட ரயில்வே பிளாட்பாரத்துல போய் உக்காந்துக்குவேன். அங்கயாவது உங்களை பிரஷ்ஷைத் தொட விட மாட்டாங்க."

அவர்கள் கைக்கு எட்டுகிற விலையில் வீடு கிடைப்பது ஆற்றங்கரைக் குடியிருப்பில் மட்டும்தான். நகரத்துக்கு ரயிலில் முக்கால் மணி நேரம். காலை ஏழு பத்து ரயிலில் அந்தக் குடியிருப்பே ஏறி, பக்கத்து ஆளின் தோளில் தூங்கிக்கொண்டே வேலைக்குப் போகும். சாயங்காலம் அவருடைய இன்னொரு தோளில் தூங்கிக்கொண்டே திரும்பும். காற்று அருமை. நான்கு வருஷத்துக்கு முன்னால் பெய்த ஒரு மழையில் ஆறும் அந்தத் தெருக்களுக்குள் வந்து ஒவ்வொரு வீடாக விசாரித்துவிட்டுப் போனது. விலை குறைந்ததற்குக் காரணம் அந்த விசாரிப்பு.

ஆறு வடிந்த பிறகு சுவர்களில் நின்ற கறையை மறைத்தது யார்? நம் மூக்குக்காரர்தான். ஒரே மாதத்தில் முப்பது வீடு. உப்புத்தாள் தேய்த்து, பட்டி பார்த்து, ரெண்டு கோட்டிங் பூசி, கறை இருந்த சுவடே தெரியாமல் பண்ணிவிட்டார். வீடு பார்க்க வந்தவர்கள் வாசலில் நிறுத்தி, "தண்ணி எவ்வளவு உயரம் வந்துச்சு?" என்று கேட்டால், பாடம் பண்ணி வைத்த ஒரே பதில்: "எனக்குத் தெரியாதுங்க. நான் பெயிண்டர்." வீட்டில்கூட மூச்சு விடவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டட வேலை என்று சொல்லி வைத்திருந்தார். இப்போது அவரே வாயை அடைத்துவிட்டு வந்த சுவர்களிடம் உண்மை கேட்டு, மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

ஒன்பதாவது வீடு பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை நானும் ஒட்டிக்கொண்டேன். கீழே ஹாலும் சமையலறையும், மாடியில் ஒரே ஓர் அறை. அதன் ஜன்னலைத் திறந்தால் ஆறு, ஆற்றின்மேல் பாலம், பாலத்தின்மேல் ரயில். மூக்குக்காரரின் மனைவி இரண்டு ரயில் போகும்வரை அங்கேயே நின்றார். இறங்கி வந்து, "ஏங்க, இதுதான்" என்றார்.

மூக்குக்காரர் முகம் சுவரைவிட வெளுத்திருந்தது.

விற்கிறவர், பல்செட் செய்து கொடுத்து ஓய்வு பெற்றவர். "ஒரு சொட்டு வந்ததில்லை சார்! சுவத்தைப் பாருங்க, பளிங்கு!" என்று தட்டிக் காட்டினார். நான்கு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பளிங்கைப் பூசியவர் தன் முன்னால் நிற்பது அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்கு இவர் தலை முதல் கால் வரை பட்டி மாவு. கண் மட்டும்தான் வெளியே தெரிந்திருக்கும்.

மூக்குக்காரர் முகர்ந்தார். தட்டினார். நகத்தால் சுரண்டினார். ஒன்றும் பிடிபடவில்லை. பாவி மனிதர், அவ்வளவு சுத்தமாக மறைத்திருந்தார்! கறை இருந்தது நினைவிருக்கிறது. முப்பது வீட்டில் இந்த வீட்டுக் கறை எந்த உயரம் என்பதுதான் மறந்துவிட்டது. கணுக்கால் என்றால் வாங்கலாம். தலைக்கு மேல் என்றால் ஓடலாம்.

இதற்குள் அந்த அம்மாள் ஹாலில் குனிந்து குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். மெஷினைக் கீழே போடலாமா என்று ப்ளக் பாயிண்ட் பார்க்கிறார். ஜன்னலுக்கு அடியில் இல்லை, கதவோரம் இல்லை. நிமிர்ந்தவர் அப்படியே நின்றார்.

"சார், இந்த வீட்டுல ஒட்டகச்சிவிங்கி குடியிருந்துச்சா? ப்ளக் பாயிண்ட் எல்லாம் என் கழுத்து உயரத்துல இருக்கே!"

"அது... இப்ப ஃபேஷன்மா."

அந்த அம்மாளுக்குக் கழுத்து உயரம் என்றால், கணவருக்கு நெஞ்சு உயரம். மூக்குக்காரர் மெதுவாக மாடிப்படியில் உட்கார்ந்தார்.

"ஃபேஷன் இல்ல. தண்ணி அதுவரைக்கும் வந்திருக்கு. அதுக்கு மேலதான் ப்ளக்கை ஏத்தியிருக்காரு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இந்தச் சுவத்தை அடிச்சதே நான்தான். இந்தத் தெரு பூரா நான்தான். ஆஸ்பத்திரி வேலைன்னு சொன்னேனே, அது பொய்."

பல்செட்காரர் எட்டி உற்றுப் பார்த்தார். "அட, அந்த ஆளா நீ! மூஞ்சியே தெரியலியேய்யா!"

அந்த அம்மாள் அவரைக் கவனிக்கவில்லை. கணவரிடம் தணிந்த குரலில் ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்ப, முப்பது குடும்பம் உங்க சுவத்தை நம்பி வந்துருக்குமே?"

அவர் நகத்தில் ஒட்டியிருந்த பட்டியைச் சுரண்டத் தொடங்கினார்.

பிறகு அந்த அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு விற்கிறவர் பக்கம் திரும்பினார். "சரி சார். இந்த ப்ளக்குக்குக் கீழ இருக்கற வீடு ஆத்தோடது. அதை நீங்க விக்க முடியாது. மேல இருக்கறதுக்கு மட்டும் விலை சொல்லுங்க."

பல்செட்காரர் தன் சொந்தப் பல் கழன்றுவிட்டதா என்று ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டார். விலை இறங்கியது. எவ்வளவு என்று கேட்காதீர்கள். நான் சொன்னால் பாதியாக்கிவிடுவேன்.

திரும்பி வரும் ரயிலில் மூக்குக்காரர், "பயமா இல்லையா உனக்கு?" என்று கேட்டார்.

"எதுக்கு? தண்ணி வந்தா மேல போவோம். வடிஞ்சா கீழ வருவோம். பதினேழு வீடு மாறினவங்களுக்கு ஒரு மாடிப்படி ஏறுறது பெரிய வேலையா?"

அதைக் கேட்ட அடுத்த நிமிஷம் அவர் பக்கத்து ஆளின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அந்த ஊர்க்காரராக ஆகிவிட்டார் என்பது அப்போதே எனக்குத் தெரிந்துபோயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். மாடியில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மைத்துனி குடும்பம் சாப்பிட வருகிறதென்று வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராக நின்றவர், ஹால் ஜன்னல் சட்டத்தில் நகக்கண் அளவு பெயிண்ட் விட்டுப்போனதைப் பார்த்துவிட்டார். பொறுக்குமா? சட்டையில் பட்டுவிடாமல் கையை எட்ட நீட்டி, நீலத்தில் தோய்த்த பிரஷ்ஷால் தொட்டுக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டுக்கு விற்பனைப் பலகை மாட்டியிருக்கிறது. அதைப் பார்க்க வந்த ஓர் இளம் ஜோடி, பெண்ணின் இடுப்பில் ஒரு கைக்குழந்தை, பளபளக்கும் சுவர்களை வெளியிலிருந்தே பார்த்து மயங்கி நின்றது. அந்தப் பையன் ஜன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"அண்ணே, இந்தப் பக்கம் தண்ணி எவ்வளவு வரும்?"

"எனக்குத் தெரியா..." என்று பழைய பதில் தானாகவே பாதி வந்துவிட்டது.

மாடியில் மெஷின் நின்றது.

மூக்குக்காரர் பிரஷ்ஷைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். பிறகு அந்த ஜோடிக்கு நேராகத் திரும்பி நின்று, வெள்ளைச் சட்டையின் நெஞ்சுக்குக் குறுக்கே, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, ஒரு நீலக் கோடு இழுத்தார்.