சந்தனப் பொட்டு வைத்த சிப்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்த காலத்தில், என் அண்ணன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சிறு பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருந்தான். கொதிகலன்களைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் போர்டுகளுக்கு நிரல் எழுதுவது அவன் வேலை. நாங்கள் தேவாலயத்துக்குப் போகிறவர்கள். ஆயுத பூஜையை ஒட்டி அவன் விடுப்பு எடுத்திருந்தான். பத்து நாள் கழித்துத் திரும்பியபோது, அனுப்பத் தயாராக இருந்த ஐந்து போர்டுகளில் நான்கு விழிக்கவில்லை. மின்சாரம் கொடுத்தும் பச்சை விளக்கு எரியவில்லை.

“இன்னாபா, உன் புரோகிராம் இன்னும் லீவுல கீதா? திங்கக்கெழமக்குள்ள ஓடலன்னா வேற ஆளப் பாத்துக்குவேன்” என்றார் முதலாளி.

சனிக்கிழமை அண்ணன் என்னைத் துணைக்கு அழைத்துப் போனான். ஓடாத போர்டில் நிரலைச் சேமித்திருக்கும் சிப்பில் இருந்ததை அச்சிட்டுக் கொடுத்தான். மூலத்தோடு ஒப்பிட வேண்டும். சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்ப்பது எனக்குப் பழகிய வேலை; பொருள் தெரியாவிட்டாலும் குறிகள் தெரியும். பூஜ்யம் முதல் ஒன்பது வரை, அதற்கு மேல் ஏ முதல் எஃப் வரை.

மூன்று இருந்த இடத்தில் ஏழு. எட்டு இருந்த இடத்தில் சி. நாற்பது பிழைகளைக் குறித்த பிறகுதான் கவனித்தேன்: ஒன்றுகூட மூலத்தைவிட இறங்கவில்லை. ஏடெழுதுகிறவர் கை எப்படி வேண்டுமானாலும் தவறும். இப்படி ஒரே திசையில் தவறாது.

“எல்லாம் எஃப் பக்கமா ஏறுது” என்றேன்.

அண்ணன் தாளைப் பிடுங்கினான். “முழுசா அழிச்ச சிப்புலதான் எல்லாம் எஃப்பா இருக்கும். இது பாதி அழிஞ்சிருக்கு. ஆனா சிப்ப அழிக்கிற புற ஊதா விளக்குப் பெட்டியில யாரும் வெக்கலயே!”

“வெயில்லயும் அந்த ஒளி இருக்கில்ல?”

அழிக்கும் ஒளி உள்ளே போக, சிப்பின் நடுவே வட்டமாக ஒரு கண்ணாடி இருக்கும். அதன்மேல் பெயர்ச் சீட்டு ஒட்டியிருப்பார்கள். நான்கிலும் சீட்டு இல்லை. ஓடிக்கொண்டிருந்த ஐந்தாவதிலும் இல்லை; அதன் கண்ணாடியைக் காய்ந்த சந்தனம் மூடியிருந்தது.

போர்டுகளில் ஈயம் வைத்துப் பற்றவைக்கும் அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார்: “பூஜைக்குத் தொடைக்கசொல்ல சீட்டு அழுக்கா இருந்துச்சுபா, உரிச்சிட்டேன். ஜன்னல்ல காய வெச்சேன். அப்பறம் எடுக்கல. ஒண்ணுக்குப் பொட்டு வெக்கசொல்லவே, ‘சாமான நாசம் பண்ணாத’ன்னு மொதலாளி சாரு கத்தினாரு. மீதிக்கு வெக்கல.”

நான்கு சிப்புகளையும் முழுவதும் அழித்து, நிரலை மீண்டும் ஏற்றி, கறுப்பு நாடா ஒட்டினான் அண்ணன். மாலையில் முதலாளி வந்தபோது ஐந்து பச்சை விளக்குகளும் எரிந்தன.

கதையைக் கேட்டுவிட்டு அவர் சந்தனப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அக்காவின் முகத்தைப் பார்க்காமல், “வர்ற வருசம் எல்லாத்துக்கும் வெச்சிடு” என்றார். அண்ணனிடம், “திங்கக்கெழம எட்டு மணிக்கே வந்துடுபா.”