முன்பாதி ராசா

அரச ஊழியர் ஒருவர் தமது உத்தியோகத்துக்குப் புறம்பாக ஊதியம் தரும் வேறெந்தத் தொழிலிலும் ஈடுபட விரும்பினால், திணைக்களத் தலைவரிடமிருந்து எழுத்துமூலமான முன்அனுமதி பெற்றிருத்தல் வேண்டும். அவ்வாறான விண்ணப்பத்துக்குத் தாமதமின்றிப் பதில் அனுப்பப்படல் வேண்டும். முதல் வசனத்தை ஊழியர்கள் மீறுவார்கள், இரண்டாவதைத் திணைக்களங்கள் மீறும், ஆகவே ஒருவரையொருவர் குறை சொல்லாமல் காலம் ஓடும் என்பதை நான் பிற்காலத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து கற்றுக்கொண்டேன். அத்தனை வருட உத்தியோகத்திலும் முதல் வசனத்தை உண்மையாகவே எடுத்துக்கொண்ட ஒரு மனிதரைத்தான் எனக்குத் தெரியும். அவர் என் மாமா. அப்போது எனக்கு எட்டு வயது.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் ஊரான நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையில் ஓடிய அரச லோஞ்சில், சனம் ஏற்றும் இயந்திரப் படகில், கயிறு கட்டுபவர். துறையில் லோஞ்ச் அணைந்ததும் பாய்ந்து கயிற்றைத் தூணில் மாட்டுவது, புறப்படும்போது அவிழ்த்துக்கொண்டு கடைசி ஆளாகத் திரும்பப் பாய்வது, இடையில் ஆட்டுக்குட்டி, அரிசி மூட்டை, கர்ப்பிணிப் பெண்கள் எல்லாவற்றையும் கைகொடுத்து ஏற்றி இறக்குவது அவர் வேலை. லோஞ்ச் இரவில் எங்கள் துறையில் தரித்து, காலை ஆறு மணிக்குப் புறப்படும்.

பங்குனி பிறந்தால் அவருக்கு இன்னொரு சேவகம் தொடங்கிவிடும். கோயில்களில் திருவிழாக் காலம். தீவுகள் முழுவதும் இசைநாடகக் கொட்டகைகள் எழும்பும். மாமா அவற்றில் ராசா. இன்று நயினாதீவு, நாளை வேலணை, மறுநாள் எங்கள் ஊர் என்று கிழமைக்கு மூன்று நான்கு இரவு ஆட்டம். தம் பாதியை ஆடி முடித்ததும், கடலுக்குப் போகும் யாராவது ஒருவரின் வள்ளத்தில் தொற்றிக்கொண்டு ஊருக்கு வந்து, கொஞ்ச நேரம் கண்ணயர்ந்து, காலையில் துறையில் நிற்பார். குரலுக்காக மிளகும் பனங்கற்கண்டும் லேஞ்சியில் முடிந்து இடுப்பில் வைத்திருப்பார். பாடம் பண்ணுவது லோஞ்சின் பின்புறத்தில். இயந்திரத்தின் இரைச்சல்தான் அவருடைய சுருதிப்பெட்டி. ஒருமுறை மெசின்காரர் ஏதோ பாகம் மாற்றி இரைச்சல் சற்று ஏறிவிட்டபோது, "அண்ணை, அரைக் கட்டை கூடிப்போச்சு, பழையபடி இறக்கிவிடுங்கோ" என்று போய்க் கேட்டவர் அவர்.

தம் பாதி என்றேன். எங்கள் பக்கத்து இசைநாடகத்தில் ஒரே அரசனை ஒருவரே விடியும்வரை ஆடுவதில்லை. கொலுவில் இருந்து நாடாளும் அரசன் முன்பாதி. நாடிழந்து, காட்டில் விறகு வெட்டி, மனைவியைப் பிரிந்து அழுது, கடைசியில் முடியைத் திரும்பப் பெறும் அரசன் பின்பாதி. முன்பாதிக்காரர் இறங்கிப் போக, பின்பாதிக்காரர் அதே பெயரோடு ஏறுவார். சனம் அதை ஒரு குறையாக நினைப்பதில்லை. ஆனால் பின்பாதிதான் பெரிய ஆட்டக்காரருக்கு என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் அது ஊர்காவற்றுறையிலிருந்து வரும் ஒரு பெரியவருக்கே உரியது.

பள்ளிக்கூடத்தில் எனக்கு இதனால் ஒரு பட்டம் கிடைத்திருந்தது.

"அரை ராசான்ரை மருமேள் வாறா, வழி விடுங்கோடா!"

"உங்கடை மாமாவுக்கு அழத் தெரியாதாம். அதுதான் அழுற ராசாவுக்கு வேறை ஆள் பிடிக்கினம்."

நான் வீட்டுக்கு வந்து அழுதேன். மாமா சிரித்தார். "எனக்குப் பதிலா நீயே அழுதிட்டாய். பிறகென்ன?" என்றார்.

அவருடைய இரண்டு சேவகமும் ஒன்றையொன்று சந்தித்தது காதுக்குப் பின்னால். அரிதாரம் எவ்வளவு தேய்த்தாலும் அங்கே மிஞ்சும். குறிகட்டுவான் துறையில் லோஞ்ச் ஊழியர்களை மேற்பார்க்கும் ஓவசியர் ஒருநாள் அதைக் கண்டுவிட்டார்.

"என்ன ஐசே, காதடியிலை ரோசாப்பூப் பூத்துக் கிடக்கு?"

"தேங்காயெண்ணெய் போட்டுத்தான் ஐயா கழுவினனான். இது போகாது."

"நாடகத்துக்குக் காசு தருவினமோ?"

"ஓம் ஐயா. கொஞ்சம்."

"அப்ப எழுதி அனுமதி கேளும். நான் காணேல்லை. ஆனா நீர் கேளும்."

நான் காணவில்லை என்றதோடு விசயம் முடிந்துவிட்டது என்பது எந்த ஊழியருக்கும் புரிந்திருக்கும். மாமா அன்று பின்னேரமே வீட்டுக் கதிரையில் சட்டை போட்டு உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினார். அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"உனக்கென்ன விசரே? ஓவசியர் ஐயாவே காணேல்லை எண்டிட்டார். கேட்டால்தான் ஏலாது எண்டு எழுதுவினம். கேளாமல் ஆடினால் ஆர் கேக்கப்போகினம்?"

"இல்லையக்கா, கேட்டுத்தான் ஆடவேணும்."

மாமா பயந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். அரை ராசாதானே.

பதில் வரவில்லை. கேட்டாயிற்று என்று மாமா ஆடிக்கொண்டுதான் இருந்தார். பங்குனி போய், சித்திரை போய், வைகாசியும் வந்தது. எங்கள் கோயில் திருவிழாவுக்கு முதல் கிழமை, நாடகத்தைப் பழக்கும் அண்ணாவியார் வீட்டுக்கு வந்தார். ஊர்காவற்றுறைப் பெரியவருக்குக் குரல் அடைத்துவிட்டது.

"தம்பி, இந்தமுறை பின்பாதி நீர்தான். பெரியவரே உம்மட பேரைத்தான் சொன்னவர்."

மாமா துறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "அண்ணாவியார், ராசா முடிசூட விடிஞ்சிடும். லோஞ்ச் ஆறு மணிக்கு" என்றார். அவர் ஏன் எப்போதும் முன்பாதி என்பது அந்த ஒரு வசனத்தில் இருந்தது. நான் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். விளங்கவில்லை.

"அஞ்சு மணிக்கு முடிச்சுத் தாறன். கோயில் முன்னாலை, துறை பின்னாலை. நடந்து போகலாம்."

சொன்ன நேரத்தில் முடிந்த இசைநாடகம் ஒன்றை நான் இந்த வயதுவரை கண்டதில்லை. ஆனாலும் மாமா ஓமென்றார். லோஞ்ச் எந்த ஒரு நபருக்காகவும் நேரம் தாழ்த்தப்படலாகாது என்ற விதி துறையில் பலகையில் எழுதியே மாட்டியிருந்தது. தவறினால் வேலை போகும்.

நாடகத்தன்று நான் கொட்டகையில் பாயிலேயே நித்திரையாகிவிட்டேன். எழும்பியபோது கிழக்கு வெளுத்திருந்தது. மேடையில் மாமா. கந்தல் வேட்டி, தோளில் மட்டையில் செய்த கோடரி. மனைவியைத் தேடிக் காட்டில் அழுது பாடும் பாட்டு. எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். எனக்குப் பட்டம் சொல்லிக் கேலி செய்த பொடியன் ஒருவன் மூக்கை உறிஞ்சினான். பாட்டு முடிய, "ஒன்ஸ்மோர்!" என்று கத்தினார்கள். மாமா மறுபடி பாடினார். மறுபடியும் "ஒன்ஸ்மோர்!" அவர் நன்றாகப் பாடப் பாட நேரம் போய்க்கொண்டிருந்தது. அண்ணாவியார் வானத்தைப் பார்த்தார். முன்வரிசையில் இருந்த லோஞ்ச் தண்டேல், அதை ஓட்டவேண்டியவர் என்ற நினைப்பே இல்லாமல், தானும் "ஒன்ஸ்மோர்" என்றார்.

அப்போது துறையில், புறப்படும் நேரத்தை அறிவிக்கும் லோஞ்சின் முதல் கோன் ஊதியது. நாடகம் பிடிக்காத மெசின்காரரின் வேலை அது.

தண்டேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். "தம்பி, நேரமாச்சு!"

மேடையில் மாமா கோடரியோடு அப்படியே நின்றார். இன்னும் முடிசூட்டுக் கட்டம் மிச்சம். ஆனால் அந்த லோஞ்சில் போகவேண்டியது அவர் மட்டுமல்ல. ஆர்மோனியக்காரர், ராணியாக ஆடிய ஊர்காவற்றுறைத் தையற்காரர், கிரீடப்பெட்டி எல்லாம் அன்றிரவு வேலணைக் கொட்டகைக்குப் போய்ச் சேரவேண்டும். அயல் தீவுகளிலிருந்து நாடகம் பார்க்க வந்தவர்களுக்கும் அதே லோஞ்ச்தான். அண்ணாவியார் ஆர்மோனியத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தார்.

"முடிசூட்டு லோஞ்சிலை! போறாக்கள் ஏறுங்கோ, நிக்கிறாக்கள் துறையிலை நிண்டு பாருங்கோ!"

ஊரே துறைக்கு ஓடியது. ராணி சேலையைத் தொடைவரை தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார். மாமா கந்தல் வேட்டியோடு, ஆட்டுக்குட்டியையும் மூட்டைகளையும் வழமைபோலக் கைகொடுத்து ஏற்றினார். கிழவி ஒருத்தி அவர் காலைத் தொடக் குனிந்தாள். "ஆச்சி, காலை அங்காலை வையணை, விழுந்திடுவாய்" என்று அவளையும் தூக்கி உள்ளே விட்டார். கோடரியைத் தண்டேலிடம் கொடுத்தார். இரண்டாவது கோன் சரியாக ஆறு மணிக்கு ஊதியது. கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கடைசி ஆளாகப் பாய்ந்தார்.

லோஞ்ச் நகர்ந்தது. ராணி பெட்டியைத் திறந்து கிரீடத்தை எடுத்து அவர் தலையில் வைத்தார். மாமா கயிற்றை வளையமாகச் சுற்றியபடியே பாடத் தொடங்கினார். ஆர்மோனியம் எங்களுக்குக் கேட்கவில்லை. அவருக்கு அது தேவையுமில்லை. இயந்திரத்தின் இரைச்சலில் அந்தக் குரல் கச்சிதமாகப் பொருந்திக் கிடந்தது. சனம் துறையில் நின்று கைதட்டியது. நான் மட்டும் அழுதேன். எங்கள் கோயில், எங்கள் மாமா, முடிசூட்டு மட்டும் அயலூர்ச் சனத்துக்கா? கிரீடம் வெயிலில் ஒரு பொட்டாக மின்னி மறைந்தது.

குறிகட்டுவானில் நடந்ததைத் தண்டேல் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஓவசியர் கடிகாரத்தைப் பார்த்தாராம். நேரம் சரி. பிறகு ராசாவைப் பார்த்தாராம். "கிரீடத்தைக் கழட்டிப்போட்டுக் கயிறை எறியும் ஐசே, தண்ணிக்கை விழுந்தால் ஆர் எடுக்கிறது?" என்றாராம்.

பின்னேரம் லோஞ்ச் திரும்பியதும் நான் துறையிலேயே அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் மாமா போனனீங்கள்? ராசா நிண்டிருக்கலாம்தானே!"

"நான் கயிறு அவிழ்க்காட்டில் அவ்வளவு சனமும் எப்பிடிப் போறது?"

ராசா சொல்லும் பதிலா இது என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மறுநாள் பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் அரை ராசாவின் மருமகள் என்று கூப்பிடவில்லை. அதைக்கூட நான் பல நாள் கழித்துத்தான் கவனித்தேன்.

விண்ணப்பம் மட்டும் எங்கோ ஒரு மேசையில் கிடந்தது. அது எப்படிக் கிடந்திருக்கும், யாருடைய குறிப்புக்காக யார் காத்திருந்திருப்பார்கள் என்பதை இன்று என்னால் படம் கீறிக் காட்டமுடியும். மாமா அதை மறந்தவர்போலவே இருந்தார். ஆனால் தபால் மூட்டை இறங்கும் ஒவ்வொரு நாளும், அதைக் கையில் வாங்கித் துறையில் வைப்பவர் அவர்தான்.

பதில் வந்தபோது வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு உரக்க வாசித்தார். கடமை நேரத்துக்குப் புறம்பாக இசைநாடக நடிகராகத் தொழில்புரிய இத்தால் அனுமதி அளிக்கப்படுகிறது. நாடகத்துக்கு மறுநாள், முன்கூட்டி விண்ணப்பித்து, லீவு பெறலாம். அம்மா அகப்பையோடு வந்து நின்று, "ஆடி முடிச்ச பிறகு அனுமதியோ? இதைக் கொண்டு என்ன செய்யிறது?" என்றார். மாமா, இசைநாடக நடிகர் என்ற இடத்தில் விரலை வைத்து எனக்கு மட்டும் இன்னொருமுறை வாசித்துக் காட்டினார். ஏன் அந்த இடத்தை மட்டும் என்று நான் கேட்கவில்லை. அதற்குள் அவர் மிளகையும் கற்கண்டையும் எடுத்துக்கொண்டு அண்ணாவியார் வீட்டுக்குப் புறப்பட்டிருந்தார். கோயிலில் மணி அடித்துக்கொண்டிருந்தது. பதில் வந்து சேர்ந்த தினம், அடுத்த வருடத் திருவிழாவுக்குக் கொடியேறிய தினம்.